லோர்னா உட்காராத மேசை

லிட்டில் ஆஷ் ஊரில் எதிரே ஒரு வண்டி வந்தால் ஸ்டியரிங்கைப் பிடித்த கையிலிருந்து ஒரு விரலையாவது தூக்க வேண்டும். தெரிந்தவரா தெரியாதவரா என்ற கேள்வியே இல்லை. அமெரிக்காவில், கான்சஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில் அதுதான் மரியாதை. லோர்னா டீட்ரிக் மட்டும் தூக்க மாட்டாள். எதிரே வருகிறவர் விரலைத் தூக்கிவிட்டுப் போவார், இவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்தபடி போவாள். ஊர் சும்மா இருக்குமா? படித்த திமிர் என்றது. பள்ளிக்கூடச் சமையலறையில் பாதி வாழ்நாள் உருளைக்கிழங்கு மசித்தவள், நரை விழுந்த பிறகு கல்லூரிக்குப் போனால் தலைக்கனம் வராமல் என்ன செய்யும் என்றது.

விஷயம் அதுவல்ல. லோர்னா, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வீட்டுக்கே போய்ப் பேச்சும் பழக்கமும் சொல்லிக்கொடுக்கும் நடத்தைப் பயிற்சி நிபுணரின் உதவியாளர். மாநில லைசென்ஸ் வாங்கியவள். அந்தத் தொழிலுக்கு விதிகள் உண்டு. எந்த வீட்டுப் பிள்ளைக்குப் பயிற்சி என்று வெளியில் காட்டிக்கொள்ளக் கூடாது. பொது இடத்தில் அவர்களைக் கண்டால் தானாக முந்திக்கொண்டு பேசக் கூடாது. அந்த வீட்டாரோடு நட்பு, விருந்து, கொடுக்கல் வாங்கல் எதுவும் ஆகாது. லோர்னா யோசித்தாள். பயிற்சி வீட்டார் நாலு பேருக்கு மட்டும் விரலைத் தூக்காமல் போனால், அந்த நாலு வீடு எது என்று ஊர் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடும். ஆகவே யாருக்குமே தூக்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். அடி அசடே! இப்படி ஒரு யோசனை வேறு யாருக்காவது வருமா?

"விரலைத் தூக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?" என்று அவளுடைய மேற்பார்வையாளர் மெரிடித் ஸ்டால் சிரித்துச் சிரித்துக் கேட்டாள்.

"சட்டத்துல இல்ல. ஆனா நம்ம ஊரு கண்ணு உங்களுக்குத் தெரியாது, மெரிடித்."

கணவன் டெக்சஸ் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனவன் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். பிள்ளை குட்டி இல்லை. நாலு வீட்டுக்குப் போய் வருவாள், மீதி நேரம் அடுப்பங்கரையில் ரேடியோவில் கோதுமை விலை கேட்பாள். தேவாலயத்துச் சாப்பாட்டுக் கூட்டத்துக்குக்கூடப் போவதை நிறுத்திவிட்டாள், அங்கே இரண்டு பயிற்சி வீட்டார் வருவார்கள் என்பதால்.

நாலு பிள்ளைகளில் அவள் உயிர், ஜூனி வைகல். ஏழு வயதுப் பெண். பேச்சு இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் தரையில் தலையை முட்டிக்கொள்ளும். லோர்னா அதற்குப் பிடித்ததையெல்லாம் மூடி போட்ட டப்பாவில் வைத்தாள். டப்பாவைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். வாயிலிருந்து எந்தச் சத்தம் வந்தாலும் உடனே திறந்தாள். பிறகு அந்தச் சத்தம் கொஞ்சம் சீராக வந்தால்தான் திறந்தாள். கோதுமை விதைத்து, முளைத்து, அறுவடையும் ஆன பிறகு ஒரு நாள், "தொற" என்றாள் ஜூனி. அன்றிலிருந்து அலமாரியைப் பார்த்து "தொற", குளிர்பெட்டியைப் பார்த்து "தொற", சோபாவில் தூங்கும் அப்பாவின் இமையைப் பிடித்துத் தூக்கி "தொற". அவள் அம்மா டெஸ்ஸா சிரித்துக்கொண்டே அழுதாள். தலை முட்டுவது நின்றது.

வெண்ணெய் திரண்டு வரும்போதுதான் தாழி உடையும். அந்த வாரம் கணினித் திரையில் வந்த மெரிடித்தின் முகம் சரியாக இல்லை.

"லோர்னா, என் வீட்டுக்காரருக்குக் கொலராடோவுல வேலை கெடைச்சிருக்கு. மாசக் கடைசியில கெளம்புறோம்."

"சரி. அங்கேருந்தும் திரையில பாக்கலாமே?"

"என் லைசென்ஸ் இந்த மாநிலத்துது. இங்க புதுப்பிக்கப் போறதில்ல. நான் கையெழுத்தை எடுத்துட்டா உங்களுது..."

அவள் முடிக்கவில்லை. முடிக்கவும் தேவையில்லை. உதவியாளரின் லைசென்ஸ் தனியாக நிற்காது. முழு லைசென்ஸ் உள்ள நிபுணர் ஒருவர் மேற்பார்வை ஏற்றால்தான் அதற்கு உயிர். சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதை. படிப்பு இருக்கிறது, தேர்வு எழுதியாயிற்று, பிள்ளையும் இரண்டு மைல் தூரத்தில் இருக்கிறது, ஆனால் போய்த் தொடக் கூடாது.

கடைசி நாளன்று டெஸ்ஸா வாசலை மறித்து நின்றாள். உள்ளே முட்டைக்கோஸும் இறைச்சியும் அடைத்துச் சுட்ட பியரக் ரொட்டியின் வாசனை.

"இனிமே நீங்க வேலைக்கு வரலல்ல? அப்ப விருந்தாளியா வாங்க. உள்ள வந்து ஒக்காந்து சாப்பிடுங்க."

"முடியாது, டெஸ்ஸா."

"ஏன்? இப்ப எந்த விதி தடுக்குது?"

"வேற ஒரு மேற்பார்வையாளர் கெடைச்சா நான் திரும்ப ஜூனிகிட்ட வரணும். இந்த வீட்டுல நான் சிநேகிதியாயிட்டா அப்புறம் ஜூனிக்குச் சொல்லிக் குடுக்க முடியாது. ரெண்டுல ஒண்ணுதான்."

"கெடைக்கலன்னா?"

லோர்னா வண்டிச் சாவியைக் கையில் எடுத்தாள்.

"நல்லாருக்கு! எங்க வீட்டுல ஒரு வாய் ரொட்டி உங்களுக்கு வெஷம்" என்று டெஸ்ஸா கதவைச் சாத்தினாள். லோர்னா வண்டியில் ஏறி அழுதாள். அழுதுவிட்டுத்தான் சாவியைத் திருப்பினாள்.

இலையுதிர் காலம் முழுவதும் தொலைபேசிதான். விச்சிட்டா, சலைனா, டொபீகா என்று ஊர் ஊராக, லைசென்ஸ் உள்ள எல்லா நிபுணர்களையும் கூப்பிட்டாள். ஏற்கெனவே கைநிறைய உதவியாளர்கள் என்றார் ஒருவர். அவ்வளவு தூரமா என்றார் இன்னொருவர். டொபீகாவின் பிரூயிட் என்பவர் மட்டும், "பாக்கலாம், சொல்றேன்" என்றார். சொல்லவில்லை. லோர்னா விதை மூட்டைக் கிடங்கில் சீட்டு எழுதும் வேலைக்குப் போனாள். அங்கேயும் மதியச் சாப்பாட்டைத் தன் வண்டிக்குள் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். பழகிவிட்டது. தனியாகச் சாப்பிடுகிறவளுக்கு ருசி என்ன வேண்டிக் கிடக்கிறது!

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, ஊர் மளிகைக்கடை. கல்லாவில் இருக்கும் வெர்ன் வழக்கம்போல், "ஏம்மா லோர்னா, ஒரு குட் மார்னிங் சொன்னா அதுக்கும் லைசென்ஸ் எடுக்கணுமா?" என்று சீண்டினார். அவள் பால் அலமாரிப் பக்கம் ஒதுங்கினாள். திரும்பினால் எதிரே ஜூனி. கையில் தயிர் டப்பா. அம்மா அடுத்த வரிசையில் இருந்தாள்.

ஜூனி டப்பாவை நீட்டினாள். "தொற."

லோர்னா கண்ணை வேறு பக்கம் திருப்பினாள். விதி அப்படி. பொது இடத்தில் தெரிந்த மாதிரி காட்டக் கூடாது, அதுவும் லைசென்ஸ் உயிரோடு இல்லாதபோது.

"தொற." குரல் சின்னதாயிற்று.

கேட்டதற்குப் பதில் கிடைக்காத சொல் செத்துப்போகும். அவளுடைய தொழிலின் முதல் பாடமே அது. ஒரு வருஷம் பொறுத்து வளர்த்த சொல்லை, கடை நடுவில் நின்று தானே கொல்லவா? பிள்ளையின் வாய் மூன்றாம் முறை அசைந்தது, சத்தம் வரவில்லை. லோர்னா டப்பாவைப் பிடுங்கி மூடியைக் கிழித்துத் திறந்து கொடுத்தாள். காசு கொடுக்காத தயிர்! வெர்ன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வரிசைக் கோடியில் டெஸ்ஸாவும் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

குடும்பம் குடும்பமாகக் கூடி விருந்து சாப்பிடும் நன்றித் திருநாள் அன்று லோர்னா கடையில் வாங்கிய உறைந்த வான்கோழிச் சாப்பாட்டுத் தட்டு ஒன்றை அடுப்பில் வைத்துவிட்டு நின்றபோது, வாசலில் வைகல் வீட்டு வண்டி வந்து நின்றது. டெஸ்ஸா இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கினாள்.

"ஏறுங்க."

"டெஸ்ஸா, நான்..."

"எந்த மேற்பார்வையாளராவது கூப்புட்டாரா உங்கள? யாராவது வர்றேன்னு சொன்னாங்களா? இல்லல்ல. ஏறுங்க, சாப்பாடு ஆறுது."

ஏறினாள். அடுப்பைக்கூட அணைக்க மறந்து திரும்ப ஓடி அணைத்துவிட்டு வந்து ஏறினாள். அன்று அந்த மேசையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டார்கள். மாட்டுப் பண்ணையில் வேலை பார்க்கும் ஜூனியின் அப்பா, "இத்தனை நாள் எங்க வீட்டுல தண்ணிகூடக் குடிக்காத ஆளு" என்று கேலி செய்தபடி அவள் தட்டில் மலைபோல் குவித்தான். அடுத்த ஞாயிறும் கூப்பிட்டார்கள். அதற்கடுத்த ஞாயிறும். "நீங்க" என்றது "நீ" ஆயிற்று. அந்தக் குளிர்காலத்தில் லோர்னா ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் மற்ற கிழமைகளைக் கடத்தினாள்.

ஜனவரியில் பிரூயிட் கூப்பிட்டார். மேற்பார்வை ஏற்கத் தயார் என்றார். மூன்று மாதம் முன்னால் இந்த அழைப்பு வந்திருந்தால்!

"ஒரே கேள்விதான். அங்க ஏதாவது வீட்டோட உங்களுக்கு நெருக்கம், போக்குவரத்து உண்டா? எழுதிக் குடுக்கணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு நேரே டெஸ்ஸாவிடம் போனாள்.

"இல்லன்னு சொல்லு" என்றாள் டெஸ்ஸா. "யாருக்குத் தெரியப் போகுது? நான் வாயைத் தொறக்க மாட்டேன். ஜூனிக்கு நீ வேணும்."

"இல்லன்னு சொன்னா நான் இந்த மேசைக்கு வரக் கூடாது. பழையபடி யாரோ எவரோ."

"அதனால என்ன? கொஞ்ச நாள்தானே?"

கொஞ்ச நாள் அல்ல. பிள்ளைக்குப் பயிற்சி என்றால் வருஷக் கணக்கு. பொய் சொல்ல லோர்னாவுக்கு வராது, அது ஒரு காரணம். ஆனால் அதுவே முழுக் காரணம் என்று அவளே நம்பவில்லை. அந்த நாற்காலியை விட மனம் வரவில்லை. ஒரு பிள்ளையின் பேச்சைவிடத் தன் ஞாயிற்றுக்கிழமை பெரிதாகிவிட்டதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டே பிரூயிட்டைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஒரு வீடு இருக்கு" என்றாள். சொல்லும்போது வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

"அப்ப அந்தப் பிள்ளைய நீங்க பாக்க முடியாது. மத்த மூணு பேரையும் பாருங்க" என்றார் அவர். ஜூனிக்கு கார்டன் சிட்டியிலிருந்து மாரிசெல் என்ற இளம் உதவியாளரை வாரம் ஒரு நாள் அனுப்புவதாகச் சொன்னார்.

மார்ச்சில் மாரிசெல் வரும் நாள் ஒன்றில் லோர்னாவும் அங்கே இருந்தாள். டெஸ்ஸா வந்தவளிடம் காப்பியை நீட்டினாள். "மன்னிச்சுக்குங்க, நான் சாப்பிடக் கூடாது" என்று சிரித்துவிட்டு அவள் ஜூனியோடு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அந்தக் காப்பி லோர்னாவுக்கு வந்தது.

உள்ளே ஜூனி அழுதாள். லோர்னா நாற்காலியின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"போய்ப் பாரேன்" என்றாள் டெஸ்ஸா மெல்ல.

"அவ சரியாத்தான் செய்றா. பொறுமையா இருக்கா. நான் உள்ள போகக் கூடாது, நான் விருந்தாளி."

அழுகை ஓய்ந்தது. பிறகு ஜூனியின் குரல், தெளிவாக, லோர்னா ஒரு நாளும் கேட்டிராத சொல்: "இன்னும்."

டெஸ்ஸா துள்ளி எழுந்து லோர்னாவைக் கட்டிக்கொண்டாள். லோர்னாவும் சிரித்தாள். சந்தோஷம்தான், பொய்யில்லை. அதோடு பொறாமையும்தான்.

"அது நான் சொல்லிக் குடுத்ததில்ல" என்றாள்.

"தெரியும்டி" என்று டெஸ்ஸா அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

கதவு திறந்தது. ஜூனி மேசைக்கு வந்து, தட்டுகளைப் பார்த்து, "இன்னும்" என்றாள். லோர்னா தன் தட்டிலிருந்த பியரக்கை அவசரமாக எடுத்து நீட்டினாள். ஜூனி அதை வாங்கிக்கொண்டாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. வாங்கிய கையோடு, மாரிசெல் காத்திருந்த அறைக்கே திரும்பி ஓடினாள்.