மூன்றாம் நாள் மதியம்

நான்கே நாள் பயணத்துக்கு என் கணவர் போட்ட எக்செல் ஷீட்டைப் பார்த்தால், நாங்கள் பிலிப்பைன்ஸையே விலைக்கு வாங்கப் போகிறோம் என்று நினைப்பீர்கள். ஊர் இலோய்லோ. மகளோடு சேர்த்து மூன்று பேர். அமெரிக்காவில், எங்கள் லிவர்மோர் வீட்டில் ஒரு மாதமாக இதே பேச்சுதான். எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

முதல் நாள் பழைய தேவாலயங்கள். ஒன்றில் வரிசையாகப் பெண் புனிதர்களின் சிலைகள் மட்டுமே இருக்குமாம். அதற்கு மட்டும் சண்டை போட்டு இரண்டு மணி நேரம் வாங்கினேன். இரண்டாம் நாள் சந்தை, தறித்துணி, பிறகு படகேறிப் பக்கத்துத் தீவில் மாம்பழம். தேங்காய்ப்பால் விட்டு ஓலையில் சுற்றி வேகவைத்த அரிசிப் பண்டத்தையும் குறித்துக்கொண்டேன். அந்த ஊர் பேர்போனது பன்றிக்கறி நூடுல்ஸ் சூப்புக்கு. நாங்கள் சைவம். போகட்டும், வாசனை பிடித்துவிட்டு வருவோம்.

மூன்றாம் நாள்தான் இடித்தது. 'பையன் வீடு, காபி. பத்தரை முதல் பதினொன்றரை.'

மகள் கட்டிக்கொள்ள விரும்பும் பையனின் ஊர் அது. அவன் இங்கே அவளோடு வேலை பார்க்கிறான். அவன் அம்மா அங்கே இருக்கிறார். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகாத வீட்டில் சாப்பிட மாட்டோம். கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். இவர் சரியாக இலை போடும் நேரத்துக்கு முன்னால் எழுந்து வரத் திட்டம் போட்டிருந்தார்.

"வெஜ் கிடைக்காதேன்னுதான். ரைஸ் குக்கர் பேக் பண்ணியாச்சு, புளிக்காய்ச்சல் இருக்கு" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஊர் பூரா சாப்பிடப் போறோம். அந்த ஒரு வீட்டுல மட்டும் கிடைக்காதா?"

மகள் திரையைப் பார்த்தாள். எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பையனின் அம்மா வீடியோ காலில் வந்தார். வந்ததும் கேமரா முன்னால் ஒரு கொத்தை ஆட்டினார். முருங்கைக்கீரை! நான் கத்தியே விட்டேன். பூசணி, வெண்டைக்காய், கத்தரிக்காயோடு இதையும் போட்டு அவர்கள் சூப் வைப்பார்களாம். வழக்கமாக இறாலும் போடுவார்களாம், எங்களுக்காகப் போட மாட்டாராம். பிறகு ஒரு புதுப் பாத்திரத்தைத் தூக்கிக் காட்டினார். கடை ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை. உங்கள் சமையலுக்கென்றே வாங்கினேன், இதில் கறி பட்டதே இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கால் முடிந்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை. நாங்கள் தமிழில் எது கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள் எங்கள் மகள்.

"அப்பா, அங்க கை நனைப்பீங்களா?" என்று கேட்டாள்.

இந்த வழக்கம் அவளுக்குத் தெரியும் என்பதே எங்களுக்குத் தெரியாது. இத்தனை நாளும் அந்தக் காபியின் அர்த்தம் புரிந்துதான் சும்மா இருந்திருக்கிறாள்.

இவர் லேப்டாப்பை இழுத்தார். காபியை அழித்துவிட்டு 'சாப்பாடு, பன்னிரண்டு மணி' என்று அடித்தார்.

"வெறுங்கையோட போக முடியாது. அவங்களுக்கு ரசப்பொடி அரைச்சுடு" என்றார் என்னிடம்.

அங்கிருந்து கிளம்பும் நேரத்துக்கான கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டார்.