‘ஓம் ரீச்சர்’ ஒலிக்காத வகுப்பறை

நானே கண்டதையும் கேட்டதையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். ஊரை விட்டு வந்தவரின் நினைவு, இல்லாததையும் சேர்த்துக்கொண்டு வளரும் இயல்புடையது. அழகுக்காக ஒரு கண்ணீரைக் கூட்டினாலும் ஊரிலிருந்து வாசிப்பவர்கள் கண்டுகொள்வார்கள். உறுதியாக அறியாததை அறியேன் என்றே விட்டிருக்கிறேன்.

வட இங்கிலாந்தின் இந்தப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரைப் பெயர் சொல்லி அழைக்கவேண்டும். மூன்றாம் ஆண்டிலும் என் நாக்கு அதற்கு இணங்கவில்லை. அவர் கவனத்தைத் திருப்ப இலேசாகச் செருமுவேன். எனக்குத் தீராத தடிமன், சளி என்றெண்ணித் தேன் குடிக்கச் சொல்லியிருக்கிறார். கல்வியியலையும் ஆங்கில இலக்கியத்தையும் ஒருசேரப் படிக்கிறேன். காலை இலக்கிய வகுப்பில், ஒரு கவிதைக்கு முடிந்த பொருள் உண்டென்று எவராவது சொன்னால் விரிவுரையாளர் புன்னகைத்து அதைக் கலைத்துவிடுவார். பிற்பகலில், புல்வெளிக்கு அப்பாலுள்ள கட்டடத்தில், அதே கவிதையில் பிள்ளைகளுக்கு என்ன விளங்கியிருக்கவேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதித் தரவேண்டும். காலையில் ஐயம் திறமை. மாலையில் அதுவே குறை. இவ்விரண்டையும் ஒரு தலையில் சுமப்பதுதான் கடினம் என்று நினைத்திருந்தேன். கடினம் வேறிடத்தில் இருந்தது.

திருகோணமலையில் உயர்தரப் பரீட்சைக்கு நான் போன ரியூட்டரி என்னும் தனியார் வகுப்பு, துறைமுகம் தெரியும் ஒரு மாடியில் இருந்தது. ஆசிரியை கவிதையின் பொருளைச் சொல்லச்சொல்ல எழுதிக்கொள்வோம். முடிவில், “விளங்கினதோ பிள்ளையள்?” என்பார். “ஓம் ரீச்சர்!” என்று கூரை அதிரும். அந்த ஓசை கேட்டால்தான் பாடம் முடிந்ததாகும்; கேட்கும்வரை ஆசிரியை விடமாட்டார். கிண்ணியாவிலிருந்து வரும் பர்சானா என் பக்கத்துக் கதிரையில் இருப்பாள்.

“உண்மையா விளங்கினதோடி?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஒண்டுமில்ல. ஓம் எண்டாத்தானே வீட்ட விடுவாங்க. பஸ் போயிரும், எழும்பு.”

அவள் இன்று கிண்ணியாவில் ஆங்கில ஆசிரியை.

சென்ற பருவத்தில் இங்குள்ள ஒரு பாடசாலையில் கற்பித்தற் பயிற்சிக்கு நின்றேன். வழிகாட்டும் ஆசிரியை கேரன், பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்தார். பாடத்தை முடித்து, விளங்கியதா என்று கேட்டேன். பிள்ளைகள் வாய் திறவாமல் பார்த்தார்கள். மறுமொழி வராததால் மறுபடியும் விளக்கினேன். கேட்டேன். மௌனம். மூன்றாம் முறை தொடங்கியபோது ஒரு சிறுமி, “மிஸ், நாங்கள் அவ்வளவு மடையர்களா?” என்றாள்.

“அவர்களுக்கு முதலிலேயே விளங்கிவிட்டது” என்றார் கேரன், பிள்ளைகள் போன பிறகு.

“பிறகேன் சொல்லவில்லை?”

“சொல்லவேண்டுமென்று யார் சொன்னது?”

பருவம் முழுவதும் இப்படியே போனது; பயிற்சியில் நான் தேறவில்லை. மீண்டும் ஒரு பருவம் பயிற்சிக்குப் போகலாம். அல்லது கல்வியியலைக் கைவிட்டு இலக்கியப் பட்டத்தோடு மட்டும் வெளியேறலாம். இரண்டாவதைத் தெரிவுசெய்தால் நான் ஆசிரியையாக முடியாது. தொலைபேசியில் பர்சானா சிரித்தாள்: “வெள்ளக்காரப் புள்ளயளுக்கு வாயில்லயாடி? எங்கட புள்ளயள அனுப்பட்டா? கேக்க முந்தியே ஓம் எண்டிருவாங்க.” நானும் சிரித்தேன்.

முடிவெடுக்குமுன் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். நான் ஆசிரியையாகத் திரும்பி வருவேன் என்று எங்கள் ஊரான சல்லி முழுவதும் அம்மா சொல்லி வைத்திருந்தார். கடற்கரையோரப் பள்ளிக்கூடத்தின் அதிபர் வீட்டுக்கே வந்துவிட்டார். “இங்கிலீசுக்கு ஆளில்லைப் பிள்ளை. ஒரு பாடமெண்டாலும் எடுத்துப்போட்டுப் போங்கோவன்.”

நான் ஆசிரியைதானா என்று அங்கேயாவது தெரிந்துவிடும் என்ற ஆசையோடு போனேன். மழையைப் பற்றிய சிறு பாடலொன்றைக் கற்பித்தேன். “விளங்கினதோ?” என்றேன்.

“ஓம் ரீச்சர்!”

இங்கிலாந்தில் நான் ஏங்கிய ஓசை அது. அதை என்னால் நம்ப முடியவில்லை. முன்வாங்கில் இருந்த சிறுமியிடம், “என்ன விளங்கினது? சொல்லுங்கோ பாப்பம்” என்றேன். அவள் எழுந்தாள், அழத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்தவள் என் முகத்துக்கு நேரே சொன்னாள்: “அவள் ஓம் எண்டு சொன்னவள்தானே ரீச்சர்! பிறகேன் கேக்கிறியள்?”

அழுதவளை இருக்கச் சொன்னேன்.

வாசலில் நின்ற அதிபர் மெல்லச் சொன்னார்: “பயந்திட்டுதுகள். நீங்கள் அங்கத்த ஆளாப் போயிட்டியள், பிள்ளை.”

மணியடித்தது. பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் வெளியேறும்வரை ஒருவரும் உட்காரமாட்டார்கள். அது அவர்கள் தரும் மரியாதை. நான் போனால்தான் அவர்கள் உட்காரலாம் என்பதும் உண்மை. வாசற்படியில் ஒரு காலும் வகுப்பறைக்குள் ஒரு காலுமாகச் சற்று நேரம் நின்றேன்.

அந்தச் சிறுமிக்குப் பாடம் விளங்கியிருந்ததா என்பது எனக்குத் தெரியாது. பல்கலைக்கழகத்துக்கு நான் இன்னும் முடிவைச் சொல்லவில்லை. என்ன சொல்வேன் என்பதும் தெரியாது.