சூடு பார்ப்பவர்

என் அப்பா ஃபிரிட்ஜ் மெக்கானிக். கண்ணை மூடி மோட்டாரைத் தொட்டாலே, அது எவ்வளவு நேரம் ஓடியது என்று சொல்லிவிடுவார். அதே வித்தையை வீட்டிலும் காட்டினார். டிவி, போன் எல்லாம் சேர்த்து எங்களுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம்தான். சாயங்காலம் வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் டிவியின் முதுகில் கை வைப்பார். சுட்டால் தொலைந்தோம்.

அன்று டிவி சில்லென்று இருந்தது. தம்பியின் டேப்லெட்டும் சில். அம்மாவின் போனும் அப்படியே. அப்பாவின் முகம் இருண்டது.

"எல்லாரும் கூட்டுச் சேர்ந்துட்டீங்க. எதுல வெச்சு ஆற வெச்சீங்க?"

"பார்த்தாலும் குத்தம், பார்க்காட்டியும் குத்தமா?" என்று அம்மா வெடித்தாள்.

அவர் நம்பவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்து, காய்கறித் தட்டுவரை குனிந்து துழாவினார். அப்போது அவருடைய சட்டைப் பையிலிருந்து போன் நழுவி விழுந்தது. நான் எடுத்தேன். இஸ்திரிப் பெட்டி போலச் சுட்டது.

அப்பா திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றார். அம்மா போனை வாங்கி, அவரைப் போலவே கண்ணை மூடித் தொட்டுப் பார்த்தாள்.

"மத்தியானத்துலேர்ந்து ஓடியிருக்கு," என்றாள்.