கிண்டாத கஞ்சி

எங்கள் கோயில் மண்டபத்து வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. உள்ளே ஓர் அகப்பை. தேங்காய்ச் சிரட்டையில் மூங்கில் காம்பு செருகியது. ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் மந்திரி இந்த அகப்பையால்தான் பினாங்குத் தமிழர்களுக்குக் கஞ்சி ஊற்றினார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஊற்றினார், உண்மைதான். சிரட்டையைத் தேய்த்துத் துளை போட்டுக் காம்பு செருகியவன் நான். கஞ்சி காய்ச்சியவனும் நான். அதை எங்கேயும் எழுதவில்லை.

ஜப்பான்காரன் வருமுன் நான் பினாங்கு வீதியில், செட்டியார்கள் தங்கி வட்டித் தொழில் செய்த ஒரு கிட்டங்கியில் சமையல்காரன். தொழில் நின்றதும் செட்டியார் பெரிய அண்டாவைக் கோயிலுக்குக் கொடுத்தார். அண்டாவோடு நானும் போனேன். அங்கே பசித்து வந்தவர்களுக்கெல்லாம் தினமும் கஞ்சி. அரிசி பெயருக்குத்தான். மீதியெல்லாம் தீவின் மறுபக்கம் பாலிக் புலாவிலிருந்து வந்த மரவள்ளிக்கிழங்கு. உப்பு கிடைக்காது. கடல் தண்ணீரை மண்ணெண்ணெய் டின்னில் மொண்டு தோளில் தூக்கி வந்து ஊற்றுவேன். தோளில் அந்தக் காய்ப்பு இன்னும் இருக்கிறது. மந்திரி அப்போது மந்திரி இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்த கிராணி ஒருவரின் மகன், ஆபீஸ் மூடியதால் வேலை இல்லாதவர். கசங்காத சட்டையோடு வந்து நின்று, "அண்ணே, நீங்க காய்ச்சுங்க, நான் ஊத்துறேன்" என்றார். எனக்கு இடுப்பு ஒடிந்துகொண்டிருந்தது. அகப்பையைக் கொடுத்துவிட்டேன்.

ஊற்றுவதற்கு முன் அண்டாவை அடிவரை கிண்டிவிட வேண்டும். அப்போதுதான் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் ஒரே கஞ்சி. இது நான் கற்ற தொழில். நான் துடுப்பை எடுத்ததும் அவர் என் கையைப் பிடித்தார்.

"கிண்டாதீங்க அண்ணே. கிண்டினா எல்லாருக்கும் தண்ணிதான் லா. கிழங்கு அடியில நிக்கட்டும். யாருக்கு வேணும்னு எனக்குத் தெரியும்."

தெரிந்துதான் இருந்தது. பால் கொடுக்கிறவள், காய்ச்சலில் எழுந்தவன், ஜப்பான்காரன் பிடித்துப்போன சயாம் ரயில் வேலைக்குப் புருஷனைப் பறிகொடுத்தவள் வந்தால் அகப்பை அடியில் இறங்கும். தெருவில் வாய் நீளமான நாலைந்து பேர் வந்தாலும் இறங்கும். மற்றவர்களுக்கு மேல்தண்ணீர். ஒருநாள் ஒரு கிழவர், "என்னா தம்பி, எனக்கு மட்டும் முகம் தெரியிற மாதிரி ஊத்துற? சவரம் பண்ணிக்கவா?" என்றார். "பண்ணிட்டு வாங்க மாமா, பொண்ணு பாக்கப் போவோம்" என்றார் இவர். வரிசையே சிரித்தது. கிழவரும் சிரித்துக்கொண்டே தண்ணீரைக் குடித்தார். எனக்கு அந்தப் பேச்சு வராது. நான் அண்டாவுக்குப் பின்னால் புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பேன்.

ஒருநாள் அவர் வரவில்லை. நன்றாகக் கிண்டி, எல்லோருக்கும் சமமாக நானே ஊற்றினேன். கைக்குழந்தைக்காரி ஒருத்தி தன் பாத்திரத்தைப் பார்த்துவிட்டு, "அந்தத் தம்பி எங்கண்ணே?" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்கு வயிற்றில் பற்றியது இன்னும் அணையவில்லை.

சண்டை முடிந்து தேர்தல்கள் வந்தன. அந்த வாய் நீளமானவர்கள்தான் அவருக்குச் சுவரொட்டி ஒட்டினார்கள். நகராட்சி மன்றம், பிறகு சட்டமன்றம், பிறகு மாநில ஆட்சிக்குழு. ஊர் அவரை மந்திரி என்றது. அங்கேயும் அவர் கிண்டவில்லை. யாருக்கு அடியில், யாருக்கு மேலே என்று பார்த்துத்தான் ஊற்றினார். அடிக்கஞ்சி குடித்தவர்கள் ஓட்டுப் போட்டது எனக்குப் புரிகிறது. மேல்தண்ணீர் குடித்தவர்களும் போட்டார்களே, அதுதான் இன்றுவரை புரியவில்லை.

என் மனைவியும் அந்த வரிசையில் நின்றவள்தான். "மந்திரி கையால கஞ்சி குடிச்சவ நான்" என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்வாள். காய்ச்சியது யார் என்று கேட்டால், "நீங்கதான். அதுக்கென்ன இப்ப?" என்பாள்.

பதவி போன பிறகு ஒரு திருவிழாவில், அதே கோயில் முற்றத்தில் அவர் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். அதே அகப்பை. நானும் வரிசையில் நின்றேன். என் முகத்தைப் பார்த்தார். "வாங்கண்ணே" என்றார். அகப்பை அடிவரை இறங்கியது. என் ஓட்டு அவருக்கு இனி எதற்கு? அப்படியானால் என்னை அடிக்கஞ்சி வேண்டிய இளைத்தவன் என்றுதான் நினைத்திருக்கிறார். நின்றபடியே குடித்தேன். உப்புப் போதவில்லை. மனைவியிடம் சொன்னேன். "உங்களுக்குப் பொறாமை" என்றாள். ஆமாம், பொறாமைதான்.

இப்போது அவர் இல்லை. கண்ணாடிப் பெட்டி முன் நிற்கும்போதெல்லாம் நான் பார்ப்பது சிரட்டையின் ஓரத்தைத்தான். ஒரு பக்கம் மட்டும் சரிந்து தேய்ந்திருக்கிறது. அண்டாவின் அடியைச் சுரண்டிச் சுரண்டித் தேய்ந்தது. அந்தத் தேய்மானம் அவருடையது, நான் மறுக்கவில்லை. ஆனால் காம்பு இன்றுவரை ஆடவில்லை. அது நான் செருகியது.