டப்பாவில் எழுதாத நேரம்

டயாலிசிஸ் பிரிவில் அவருக்குக் கரிக்காரர் என்று பெயர். மெஷின் ஓட்டும் டெக்னீஷியன்தான்; ஆனால் உடம்பில் விஷம் ஏறி வருகிறவர்களுக்குக் கரி டப்பா மாட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கூட்டாளி லீவு போட்டுவிட, அன்று அவருக்குத் தொடர்ந்து இரண்டாவது ஷிப்ட். நின்று நின்று இடுப்பு விட்டுப்போயிருந்தது.

காலையில் நெஞ்சு படபடக்க வந்தவர், மறதியில் மூச்சிரைப்பு மாத்திரையை ஏழெட்டு முறை விழுங்கிவிட்ட பெரியவர். ரத்தத்தை வெளியே எடுத்து, கரி நிரப்பிய டப்பா வழியாக ஓட்டி, திரும்ப உடம்புக்கே அனுப்ப வேண்டும். கரி விஷத்தை என்ன செய்யும் என்று பெரியவரின் மனைவி கேட்டார். அதை வேறு பொருளாகவே மாற்றிவிடும், கவலை வேண்டாம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார் கரிக்காரர். விளக்கிச் சொல்லத் தெம்பு இருந்தால்தானே.

மாட்டியதும் டப்பாவில் பிளாஸ்திரி ஒட்டி நேரத்தை எழுதுவது அவர் வழக்கம். பிறகு அதைப் பார்த்துத்தான் கேஸ் ஷீட்டில் எழுதுவார். அன்று பிளாஸ்திரியும் இல்லை, கேஸ் ஷீட்டும் காலி. நடுவில் கரண்ட் போய்வந்ததில் மெஷினின் நேரக் கணக்கும் பூஜ்யத்துக்குப் போயிருந்தது. ஆரம்பித்து ஒரு மணி நேரமா, மூன்றா? இரண்டரை மணி நேரத்தில் அந்தக் கரி நிரம்பிவிடும். அப்புறம் ரத்தம் சும்மா சுற்றும். முன்கூட்டியே மாற்றலாமென்றால், மிச்சமிருப்பது ஒரே டப்பா; அது சீக்கிரம் தீர்ந்தால் மாற்ற வேறில்லை.

வெளியே பெஞ்சில் இருந்த அந்த அம்மாவிடம் போய் நின்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான் சொன்னது தப்பும்மா. கரி எதையும் மாத்தாது. விஷத்தை அப்படியே பிடிச்சு வச்சுக்கும், அவ்வளவுதான். நிரம்பிட்டா பிடிக்காது. எப்ப ஆரம்பிச்சேன்னு எழுத மறந்துட்டேன்."

"மெஷினைப் போடப்போறேன்னு பத்து இருபதுக்குக் கதவைச் சாத்துனீங்க. அதுலேருந்து கடிகாரத்தைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

மணி ஒன்றாக ஐந்து நிமிடம். இரண்டரை மணி நேரம் தாண்டிவிட்டது. ஓடிப்போய், கழுவித் தயாராக வைத்திருந்த அந்தக் கடைசி டப்பாவை மாட்டினார். இந்தத் தடவை பிளாஸ்திரி ஒட்டிய பிறகுதான் கையை எடுத்தார்.

மாலையில் பெரியவரின் படபடப்பு அடங்கியது. இனி பயமில்லை என்று வெளியே வந்து சொன்னார் கரிக்காரர். அந்த அம்மா அவர் முகத்தையே பார்த்தார்.

"இதுவாவது நிஜமா தம்பி?"

கரிக்காரர் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே கூட்டிப்போய், அந்த அம்மாவின் விரல்களைப் பெரியவரின் மணிக்கட்டில், நாடி துடிக்கும் இடத்தில் வைத்தார்.