வலிக்காத கால்

மருதாசலத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் முப்பத்தைந்து வருடம் தொண்டாமுத்தூர்த் தோப்புகளில் தென்னை மரத்து மேலேயே கழிந்துவிட்டது. தோப்புக்குள் யானை புகுந்துவிட்டது என்று ஆட்கள் ஓடினாலும், "அது கீழதானுங்க நிக்குது" என்று காய் வெட்டிக்கொண்டிருந்த மனிதர். அப்பேர்ப்பட்டவரை ஓர் எக்ஸ்ரே படம் குலைநடுங்க வைத்துவிட்டது.

இடது முழங்காலில் கொஞ்ச நாளாக வலி. கோயமுத்தூரில் இலவச மருத்துவ முகாம் என்று மனைவி பழனியாத்தாள் இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு காலையும் படமெடுத்துக் கையில் கொடுத்து, டாக்டரைப் பார்க்கப் பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். பத்து நாள் யாருக்குப் பொறுக்கும்? மருதாசலம் பேக்கரி வாசலில் நின்று படத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்தார். டீ குடிக்க வந்தவர்கள் அத்தனை பேரும் டாக்டரானார்கள். வலிக்கிற இடது மூட்டு சுத்தமாக இருந்தது. வலது மூட்டோ தேய்ந்து, இரண்டு எலும்புக்கும் நடுவே இடைவெளியே இல்லை.

"இந்தக் காலு எப்ப வேணா மடங்கிப்போடுமுங்க," என்றார் மில் வாட்ச்மேன் கிருபாசங்கர்.

வலது காலில் ஒருநாளும் வலி வந்ததில்லை. அதுதான் பயத்தைக் கூட்டியது. சொல்லாமல் கொள்ளாமல் கழுத்தறுக்கப் போகிறது என்று தோன்றியது. அன்றிலிருந்து படியேறும்போதுகூட அதை ஊன்றவில்லை. மரம் ஏறாவிட்டால் பிழைப்பு போகும், ஏறினால் உயிர் போகும். இதை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் நாச்சியம்மாள் தோப்பில் காய் வெட்டு. எப்படியோ ஏறிவிட்டார். உச்சியில் குலையை வெட்டித் தள்ளிவிட்டுக் கீழே பார்த்தவருக்கு இறங்க முடியவில்லை. மரத்தைக் கட்டிப்பிடித்தபடி அரைமணி நேரம் இருந்தார். தோப்புக்கார நாச்சியம்மாள் கீழேயிருந்து கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, பழனியாத்தாளைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்.

மனைவி வந்து நிற்பதைப் பார்த்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது. வலது காலைக் காப்பாற்றுவதாக நினைத்து, பாரம் முழுவதையும் இடது காலில் போட்டு இறங்கத் தொடங்கினார். நாலு எட்டு வைப்பதற்குள் இடது முழங்கால் சுரீரென்று குத்தியது. பாதம் வழுக்கியது. பழனியாத்தாள் அலறியது காதில் விழுந்தது. அதற்குள் வலது கால் தானாக மரத்தில் வெட்டியிருந்த படியில் பதிந்து, முழு உடம்பையும் தாங்கி நின்றது.

மறுநாள் டாக்டரம்மா வலது காலை மடக்கி, நீட்டி, அமுக்கிப் பார்த்தார். வலியில்லை. இடது காலுக்கு மருந்து எழுதி, தொடைக்குப் பயிற்சியும் சொன்னார்.

"வலிக்கற காலு படத்துல நல்லா இருக்குது, வலிக்காத காலு கெட்டுக் கெடக்குது. நான் எதைங்க நம்பறது?" என்று கேட்டார் மருதாசலம்.

"படம் எலும்பைத்தான் காட்டுமுங்க, வலியைக் காட்டாது. நெறையப் பேருக்கு ரெண்டும் ஒத்துப்போறதில்லீங்க. இந்தத் தேய்மானம் நேத்து வந்ததும் இல்லை. பல வருசமா இந்தக் காலோடதான் மரம் ஏறிட்டு இருந்திருக்கீங்க."

இத்தனை வருடமாக எந்தக் காலை நம்பி உச்சியில் நின்றோம் என்பது மருதாசலத்துக்கு அப்போதுதான் உறைத்தது. மரத்து உச்சியில்கூட இவ்வளவு பயந்ததில்லை. பழனியாத்தாள் படத்தை வாங்கி உறைக்குள் திணித்தாள். பத்து நாளில் முதல் தடவையாக, அவர் தெரிந்தே வலது காலை ஊன்றி எழுந்தார். கை மட்டும் மேசை விளிம்பை விடவில்லை.