வலது கைக்கு ஐந்து குண்டு

லைன் பஸ் படியிலிருந்து வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் எங்கள் வீட்டில் யாரும் அந்தக் கையை ஒரு கையாக மதிக்கவில்லை. தேநீர்க் கோப்பை, சில்லறை, சாமான் பை எல்லாமே இடது கைக்குத்தான் வந்தன. சின்ன வயதில் நான் இடது கையை நீட்டினால் முதுகில் ஒன்று வைத்த அதே அண்ணன், இப்போது வலது பக்கம் நின்றிருந்தாலும் சுற்றி வந்து இடது கையில் கொடுத்தார். பாசமாகத்தான் கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பர்மாத் தலைநகரில், லான்மடா பேட்டையில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். மாதக் கடைசிவரை என் இடத்தை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அண்ணனோ வேலையை விட்டுவிட்டுப் புறநகர்த் தாகேதாவில் வீட்டோடு இரு என்று பிடிவாதமாக நின்றார்.

“தங்கச்சிக்கு ஒரு வாய்ச் சோறு போட மாட்டமா? கைய வச்சுக்கிட்டு சும்மா கெட.”

“சும்மா கெடக்க நான் என்ன பழைய துணியாண்ணே?”

அண்ணி சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை.

அந்த வருடம்தான் எங்கள் வேதக்கோயில் அறுப்பின் பண்டிகையில் கௌபாய்ச் சுடும் போட்டி வைத்தார்கள். வட்டாரத்து வீடியோ கொட்டகையில் ஓயாமல் கௌபாய்ப் படம் ஓடிய காலம். வாலிபர் சங்கத்துக்கு அந்தக் கிறுக்குப் பிடித்துவிட்டது. கியாக்தான் பகோடா திருவிழாவில் பலூன் சுடும் கடை போடுகிற பர்மியர் ஒருவரை ஏர்கன்னோடு கூட்டி வந்தார்கள். தொப்பியும் பூட்சும் கட்டாயம். ஐந்து இடங்களில் ஐந்து தகர டப்பாக்கள். இடம் மாறி மாறி ஓடி, ஒவ்வொரு தடவையும் குழலை மடக்கிக் குண்டு போட்டுச் சுட வேண்டும். இரண்டு நிமிடத்தில் விசில். கடைசியில் துப்பாக்கியைக் காலியாகத்தான் மேசையில் வைக்க வேண்டும். பெண்களுக்குக் கடைக்காரரே குழலை மடக்கித் தருவார் என்று ஒரு சலுகை வேறு.

ஸ்டாப் வாட்ச் அண்ணன் கையில். ரயில்வேயில் வேலை பார்த்தவர்; நேர விஷயத்தில் பெற்ற தாய்க்கும் சலுகை தர மாட்டார்.

“நானும் பேர் குடுக்கப் போறேன்,” என்றேன் சாப்பாட்டு வேளையில்.

“ஒனக்கு என்ன பைத்தியமா?”

“அஞ்சு குண்டையும் நானே போட்டுச் சுட்டா வேலைக்குப் போவேன். இல்லாட்டி வாயத் தொறக்க மாட்டேன். சரியா?”

அவர் இன்னொரு கரண்டிக் குழம்பை ஊற்றிக்கொண்டார். “சரி,” என்றார். என்னால் முடியாது என்று நினைத்துத்தான் சொன்னார் என்பது எனக்குத் தெரியும்.

மூன்று வாரம் வீட்டுக் கைப்பம்பை வலது கையால் மட்டும் அடித்தேன். முதல் நாள் ஆறு அடிக்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசி வாரம் ஒரு வாளி நிறைத்தேன். அண்ணி பார்த்தும் பார்க்காததுபோல் போனார்.

போட்டியன்று அண்ணனுடைய பழைய கால்சட்டை, மழைக்கால ரப்பர் பூட்ஸ், வயலில் போடுகிற மூங்கில் தொப்பியின் விளிம்பை வளைத்துக் கட்டிய ஒரு கௌபாய்த் தொப்பி. என்னைப் பார்த்த முதல் வரிசைப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டுமாம். வீட்டில் ஒரு தமிழ்ப் பேர், ஆபீசில் ஒரு பர்மியப் பேர், போதாதற்கு இது வேறா! “வலதுகைக்காரி,” என்றேன். மைக்கில் அதைச் சொன்னதும் அண்ணன் குனிந்து வாட்சைத் துடைத்தார்.

முதல் டப்பா விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது தப்பியது. ஒவ்வொரு முறையும் வலது கையால் பிடியை இறுக்கிக்கொண்டு, இடது கையால் குழலைக் கீழே இழுக்க வேண்டும். வலி மணிக்கட்டில் தொடங்கி முழங்கைவரை ஏறியது. நான்காவதை மடக்கும்போது பிடி நழுவியது. கடைக்காரர் ஓடி வந்தார்.

“யலா, அமா?” முடியுமா அக்கா என்று கேட்டுக் கையை நீட்டினார்.

“முடியும். நீங்க தள்ளி நில்லுங்க,” என்று தமிழில் கத்தினேன். அவருக்கு எப்படிப் புரிந்ததோ, தள்ளி நின்றார். துப்பாக்கியின் கட்டையைத் தொடையில் அண்டக் கொடுத்து மடக்கினேன். நான்காவது டப்பா உருண்டது.

கடைசி இடத்துக்கு ஓடினேன். பூட்ஸ் ஒன்று கழன்று பின்னால் நின்றுவிட்டது. போனால் போகட்டும் என்று விட்டேன். பல்லைக் கடித்து மடக்கி, குண்டைப் போட்டு, குழலை நிமிர்த்திய நொடியில் விசில் ஊதியது.

ஊதியது என் அண்ணன்.

கூட்டம் “அடடா” என்றது. கமிட்டிக்காரர் ஒருவர், “போதும்க்கா, மேசையில வச்சிடுங்க,” என்றார். நான் துப்பாக்கியை விடவில்லை. பாவி மனிதா, ஒரு நொடி பொறுக்கக் கூடாதா!

“அவ எப்படி வைப்பா?” என்றது அண்ணன் குரல். “உள்ள குண்டு இருக்கு. காலியாத்தான் வைக்கணும்னு சட்டம் போட்டது நீங்கதானே? சுட்டுட்டு வைக்கட்டும்.”

அவர் வாட்சைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சுட்டேன். டப்பா அசையவில்லை. பின்னால் நிறுத்தியிருந்த அட்டைக் குதிரையின் காதில் ஓட்டை விழுந்தது. அத்தனை பேரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். துப்பாக்கியை வலது கையாலேயே மேசையில் வைத்தேன். பத்துப் பேரில் எனக்கு எட்டாவது இடம். ஐந்தாவது குண்டு கணக்கில் சேராது என்று அண்ணனே எழுதிக் கொடுத்திருந்தார்.

வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் அவர் நாலு எட்டு முன்னாலேயே போனார். பந்தயத்தில் ஜெயித்தேனா தோற்றேனா என்று நான் கேட்கவில்லை. ஐந்தையும் நானேதான் சுட்டேன் என்று சண்டை போட வார்த்தைகளை மட்டும் அடுக்கி வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் ஆபீசுக்குப் போகும் உடுப்போடு, சண்டைக்குத் தயாராகத்தான் வெளியே வந்தேன். அண்ணன் வாசலில் மூன்றடுக்கு டிஃபன் கேரியரோடு நின்றார். நிறைந்து கனத்த கேரியர். நான் பழக்க தோஷத்தில் இடது கையை நீட்டினேன்.

“அந்தக் கைய நீட்டாத,” என்று அதட்டினார். பிறகு என் வலது கையில் கொடுத்தார்.